பத்துக்கு ஒன்று

இதே துப்ளி விரிகுடாவில்தான்
பன்னிரண்டு வருடம் முன்பு
கடலை மூடிக்கொண்டிருந்தேன்.
நாளைக்கு நாற்பது லோடு.
டிப்பர் பின்வாங்கிக் கத்தும் கத்தலில்
பூநாரைகள் எழும்பிக்
கொஞ்சம் தள்ளி உட்காரும்.
மறுநாள் அந்தக் கொஞ்சத்தையும் மூடுவோம்.

இப்போது அதே பொக்லைன், அதே சீட்டுக் கிழிசல்,
பாறைகளை எடு என்கிறார்கள்.

பொறியாளர் ஹுதா
குச்சியால் மணலில் வரைந்தார்.
நிமிர்ந்து நிற்கிற சுவரை அலை அறையும்,
அறைந்த கையோடு அடிமண்ணை அள்ளும்.
கரையைப் படுக்கவை.
பத்துக்கு ஒன்று சரிவு.
நடந்து வந்து களைக்கட்டும்.

கன்டெய்னரில் இறங்கின தேங்காய்நார் உருளைகள்.
உறையில் பொள்ளாச்சி முகவரி.
மூன்று வருட ஒப்பந்தம் அதற்கு,
மட்கிப்போவதுதான் வேலை.
சிப்பி ஓடுகளை வலைப்பையில் கட்டி
முன்னால் அடுக்கினோம்.
ஷொஃபிகுல் ஒவ்வொன்றையும் பிளந்து பார்த்தே போட்டான்,
முத்து ஏதும் தங்கியிருந்தால்?

கன்றுகளைக் காட்டி
உங்கள் மொழியில் இதற்கென்ன பெயர் என்றார்.
அலையாத்தி.
அர்த்தம் கேட்டார்.
நான் துறையூர்க்காரன், நீச்சல் தெரியாது,
கடல் வார்த்தைக்கு எங்கே போவது?
இரண்டு பேப்பர் கப் எடுத்து
கரக் டீயை உயர்த்தி ஆற்றிக் காட்டினேன்.
பாதி மணலில்.
புரிந்தது என்றார்.

ஆகஸ்ட் வெயில் போனபின் எண்ணினோம்.
நட்டது நானூறு, நின்றது நாற்பத்தொன்று.
இதுவும் பத்துக்கு ஒன்று மேடம் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
மறுபடி நட்டோம்,
இந்த முறை சிப்பி மூட்டைக்குப் பின்னால்,
சேறு கணுக்கால் பிடிக்கிற இடத்தில்.

பிப்ரவரியில் ஷமால், மூன்று நாள்.
கேம்ப்பில் தகரம் தூங்கவிடவில்லை.

நான்காம் நாள் போனால்
பக்கத்துக் கிடங்குச் சுவர் நிற்கிறது.
நான் மண் நிரப்பிய சுவர்.
முன்னால் சேற்றைக் காணோம்,
அஸ்திவாரம் வெளியே தெரிந்தது,
ஈறு இறங்கிய பல்மாதிரி.

நம் பக்கம்
ஒரு உருளை அவிழ்ந்து கிடந்தது.
கன்றுகளின் காலடியில்
கிழிந்த செருப்பு, பாசி, ஒரு தண்ணீர் பாட்டில்,
புதுச் சேறு.
ஹுதா முழங்கால் போட்டு
அளவுக்குச்சியைத் துடைத்துப் படித்தார்:
ஒன்பது மில்லிமீட்டர்.
இன்னொரு முறை துடைத்துப் படித்தார்.

அன்றைக்கு என் டைம்ஷீட்டில்
நிரப்பிய மண் என்ற கட்டத்தில்
ஒன்பது மில்லிமீட்டர் என்று எழுதினேன்.
ஃபோர்மேன் ரோடெல் அதை அடித்துப்
பூஜ்யம் போட்டான்.
டீசலே போகவில்லையே, பிறகெப்படி?