பதின்மூன்று நாள்

வல்யேவோ, 1915.
பள்ளிக்கூடம்தான் ஆஸ்பத்திரி. கட்டிலுக்கு மூன்று பேர்.
கரும்பலகையில் யாரும் அழிக்காத
ஏழாம் வாய்பாடு.

நான் செக்; எதிரிப் படையில் பிடிபட்டவன்.
டாக்டர் வுகாஷின் ராடோய்கோவிச்
மண்ணெண்ணெய்த் துணியை என் கையில் திணித்தார்:
"தையல் ஓரங்களில் தேடு.
நம் இரண்டு பேருக்கும் எதிரி அங்கேதான் ஊர்கிறது."

பிளம் சாராயம் காய்ச்சியவரின் மகன்.
அப்பாவின் பீப்பாயை மாட்டுவண்டியில் வரவழைத்து
சிப்பாய்களின் சட்டைகளை ஆவியில் அவித்தார்.
குடிக்க மாட்டார். பாட வராது.
கால் அறுக்கும்போது மட்டும் ஏதோ முனகுவார்,
ரம்பத்தின் தாளத்துக்கு.

பனி இளகுமுன்
அவர் மார்பிலும் சிவப்புப் புள்ளிகள்.
விளக்கைக் கிட்டே பிடிக்கச் சொல்லி
எண்ணிப் பார்த்தார்.
இறப்புச் சீட்டு ஒன்றைக் கிழித்து
அவரே நிரப்பினார்:
பெயர். வயது நாற்பத்தொன்று. டைபஸ்.
மருத்துவர் கையொப்பம்.
தேதிக்கு மட்டும் இடம் விட்டு,
"அது உன் வேலை" என்றார்.

எழுதினேன்: பிப்ரவரி பதினெட்டு.
என் ஊர்க் கணக்கில் அன்று அதுதான்.
அவர்கள் நாட்காட்டியில் ஐந்து.

பதினெட்டிலிருந்து நாற்பது எண்ணி
அவித்த கோதுமையோடும் மெழுகுவத்தியோடும்
பெர்சிடா வந்தாள்.
ஐந்தாம் தேதி காலை அவர் கிறுக்கிய
இரண்டு வரிக் கடிதத்தை நீட்டினாள்:
"இதற்குப் பிறகு பதின்மூன்று நாள்.
எனக்கு ஏன் எழுதவில்லை?"

ஒருநாள் சூப் குடித்தார் என்றேன்.
ஒருநாள் ஜன்னலைத் திறக்கச் சொன்னார் என்றேன்.
மீதிப் பதினொன்றுக்கு
அவள் மொழி எனக்குப் போதவில்லை.