மிச்சமான தகடு

நாளைக் காலை ஒன்பதுக்குப் பந்தயம்.
பெத்சா மலைமேல் மழை பிடித்துக்கொண்டது,
அதில் பாதி என் கடைத் தகரத்தில் விழுகிறது.
மேசையில் இரண்டு சைக்கிள்களின் முன்கவைகள்,
மூடி கழன்று, தலைகீழாய்.

யெர்னெயின் கவைக்குப் பன்னிரண்டு வயது.
இடக்காலில் ஒரு சுருள்வில்.
வலக்காலில் எண்ணெய்,
எண்ணெய்க்கு மேலே கொஞ்சம் காற்று,
இரண்டுக்கும் நடுவே சுவர் கிடையாது.
ஒரே ஒரு ஓட்டை வழியாகத்தான் எண்ணெயின் போக்குவரத்து.
"முதல் வளைவில் வெண்ணெய், ஸ்வோங்கா,
நாலாவது வளைவில் கூழ்" என்றான்.
கல்லுடைக்கும் ஆலையில் வேலை, தொண்ணூற்றெட்டுக் கிலோ.
பொய் சொல்லவில்லை.
திறந்தால் நுரை.
பீர் ஊற்றத் தெரியாதவன் ஊற்றிய பீர்.
வேர்களின் மேல் தடதடவென்று இறங்கியதில்
காற்றை விழுங்கியிருக்கிறது எண்ணெய்.
நுரைக்கு யாரையும் பிடித்து நிறுத்தத் தெரியாது.

மாருஷாவுடையது போன வசந்தத்தில் வாங்கியது.
இன்னும் ஏழு தவணை பாக்கி.
சுருள் இல்லை, காற்றுதான் வில்.
பிஸ்டனுக்கு மேலே ஓர் அறை, அவளைத் தாங்க.
கீழே ஓர் அறை, மேலறையின் முரட்டுத்தனத்தைக் குறைக்க.
எதிர்க்கட்சி வேண்டும் என்று
யாரோ யோசித்திருக்கிறார்கள்.
இரண்டும் சமாதானமாய்ப் போக
குழாய்ச் சுவரில் அரிசியளவு குழி.
பிஸ்டன் அதைக் கடக்கும் நொடியில்
காற்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நழுவிக்கொள்ளும்.
"நூற்றறுபது என்று எழுதியிருக்கிறான்,
நூற்றுமுப்பதுதான் வருகிறது.
மீதி முப்பது மில்லிமீட்டர் யார் வீட்டில்?"
கேட்டுவிட்டு மாலை ஷிஃப்டுக்கு ஓடினாள்.

குழியில் கிரீஸ். தொழிற்சாலையிலேயே
தாராளமாய் அப்பியிருக்கிறார்கள்.
கீழறைக்குக் கசிந்த காற்று
திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே நின்று
கவையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.
துணி நுனியால் துடைத்தேன்.
முப்பது மில்லிமீட்டரும் வீடு திரும்பின.

ஒன்றில், காற்று போகக்கூடாத இடத்துக்குப் போனது.
இன்னொன்றில், வரவேண்டிய இடத்துக்கு வரவில்லை.
எது உசத்தி என்று இருவருமே கேட்டார்கள்.
பதினைந்து ஆண்டாய் இந்தக் கேள்விக்கு
நான் கையைத்தான் துடைத்துக்கொள்கிறேன்.

அதோடு விட்டிருக்கலாம்.
அவள் கவையின் வலக்காலைத் திறக்கச் சொல்லி
யாரும் கேட்கவில்லை. பார்க்க ஆசை, அவ்வளவுதான்.
அங்கே எண்ணெய் மூடிய குழாய்க்குள் தனிக்குடித்தனம்.
தண்டு உள்ளே வந்தால்
ஒரு ரப்பர் பை விரிந்து இடம் கொடுக்கும்.
காற்றின் முகத்தை அந்த எண்ணெய் பார்த்ததே இல்லை.
அதற்கும் கீழே எஃகுத் தகடுகள்,
பெரிதின் மேல் சிறிதாக,
வெங்காயச் சருகின் கனத்தில் ஓர் அடுக்கு.
மெல்ல அழுத்தினால் ஓரம் மட்டும் வளையும்.
ஓங்கி அறைந்தால் மொத்தமும் மலர்ந்து வழிவிடும்.
யெர்னெயின் ஓட்டைக்கு இந்தப் பக்குவம் கிடையாது,
மெதுவாய் வந்தவரை எல்லாம் உள்ளே விடும்,
அவசரமாய் வந்தவரை வாசலில் மறிக்கும்.

ஒன்றேகால் மணி. எல்லாம் பூட்டியாயிற்று.
பழைய கவையில் புது எண்ணெய்.
நாளையும் நுரைக்கும், ஆறாவது வளைவு வரை தாங்கினால் சரி.
மேசையைத் துடைக்கும்போது
விரல் நுனியில் வட்டமாய் ஒரு மினுக்கல்.
ஒரு தகடு.
நகத்தால் நெம்பி விளக்கில் பிடித்தேன்.
யெர்னெயுடையதாய் இருக்காதா என்று
ஒரு நிமிடம் கூசாமல் யோசித்தேன்.
அதில் தகடே கிடையாது.

இது இல்லாமலும் ஓடும்.
கொஞ்சம் இளகியிருக்கும், அவ்வளவுதான்.
மாருஷா ஐம்பத்திரண்டு கிலோ,
மழைதான் காரணம் என்று நினைத்துக்கொள்வாள்.

குறட்டில் மறுபடி மாட்டுகிறேன்.
மூடி இறுகிப்போயிருக்கிறது,
நான்தானே இறுக்கினேன்.