பதினேழு ஒன்றுகள்

மரம் ஏற்றிப் போன சரக்கு வண்டி அது.
வேகனுக்கு ஒரு கோடு, பதிவேட்டில்.
மாய்மு பதினேழு கோடு போட்டாள்.
நிமிர்ந்திருந்தால்
பனியில் கரையும் சிவப்பு விளக்கைப் பார்த்திருப்பாள்.
குனிந்தே இருந்ததால்
எண்ணைப் பார்த்துவிட்டாள்.

11111111111111111

எஸ்டோனியாவில், டாபாவுக்கு வடக்கே
எங்கள் ரயில்வே கேட்.
இரவுக்கு இரண்டே வண்டி:
ஒன்றே முக்காலுக்கு ஒன்று, நாலே காலுக்கு ஒன்று.
நடுவில் கிடந்த நேரம் அவளுடையது.
பகல் எனக்கு.

கண்ட எண்ணும் இதை வகுக்க முடியாது
என்றாள் ஒருமுறை, கையுறையைக் கழற்றியபடி.
முப்பத்து நான்கால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிற
பகா எண்ணுக்குத்தான் அந்த யோக்கியதை.
எனக்குப் புரியவில்லை. தலையாட்டினேன்.

103: மீதி 57.
137: மீதி 1.
அதனருகே பென்சிலில்,
திருடனின் சட்டை நுனியை மட்டும் பிடித்த காவல்காரன்போல,
'ஒன்றில் தப்பியது' என்று எழுதியிருந்தாள்.
ஆனால் தப்பவேண்டும் என்றுதான் அவளுக்கு ஆசை.
பகாது, பகவே பகாது என்று நம்பினாள்.
ஒவ்வொரு மீதிக்கும்
அடுப்பில் ஒரு கட்டை போடுவாள்.
ஏழு குளிர்காலம்.

பிப்ரவரியில் ஒரு விடியல்.
நான் வந்தபோது கேட் இறங்கியே கிடந்தது.
நாலே கால் வண்டி போய் ஒன்றரை மணி நேரம்.
பால்வண்டிக் காரெல் வைது வைது ஓய்ந்து
குதிரைக்குப் போர்வை போர்த்திக்கொண்டிருந்தான்.
உள்ளே அடுப்பு அணைந்திருந்தது.
தரையெல்லாம் சரிபார்த்த தாள்கள்.

இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து
எழுநூற்று இருபத்து மூன்று.
மீதி இருக்கவேண்டிய இடத்தில் சுழியம்.

திருப்பிப் பெருக்கியும் பார்த்திருந்தாள்,
2071723 பெருக்கல் 5363222357.
பதினேழு ஒன்றும் வந்து வரிசையில் நின்றன,
ஒன்றுகூடப் பிசகாமல்.

"உடைந்துவிட்டது" என்றாள்.
அது வெற்றிக் குரலா என்று
இன்றும் எனக்குத் தெரியாது.
எழுந்து போய்க் கேட்டைத் தூக்கினாள்.
காரெலிடம் மன்னிப்புக் கேட்டாள்,
காரணம் சொல்லவில்லை.

கோடையில் பல் பிடுங்க டார்ட்டுவுக்குப் போனேன்.
வலி அடங்கும்வரை நூலகத்தில் உட்கார்ந்தேன்.
தடித்த ஜெர்மன் புத்தகம், அதில் ஓர் அட்டவணை.
பதினேழாம் வரியில்
அவளுடைய இரண்டு எண்களும் இருந்தன,
அவள் பிறக்கும் முன்பே அச்சேறி.
பதினெட்டுக்கு எதிரே ஒரு கும்பல்.
பத்தொன்பதுக்கு எதிரே எண்ணே இல்லை,
பகா என்பதற்கான ஒற்றை எழுத்து மட்டும்.
வாயிலிருந்த பஞ்சைத் துப்பிவிட்டு
புத்தகத்தை எடுத்த இடத்தில் வைத்தேன்.

சொல்லியிருக்கலாம்.

அக்டோபரில், முறை மாறும் நேரம்,
மேஜையில் விரித்தபடி நோட்டு.
பதினெட்டு ஒன்றுகள்;
கூட்டினால் பதினெட்டு, ஒன்பதால் போகும்;
ஒரே கோட்டில் அடித்திருந்தாள்.
அதற்கு அடியில் பத்தொன்பது.
இனி முப்பத்தெட்டால் வகுத்து ஒன்று மிஞ்சுகிறவை.
39 இல்லை. 77 இல்லை.
115, 153 இல்லை.
191: மீதி 84.

மை இன்னும் காயவில்லை.
அவள் சைக்கிள் வளைவில் திரும்பும்வரை பார்த்துவிட்டு
நான் அடுப்பில் ஒரு கட்டை போட்டேன்.