நூறு அடி

போர்க்காலத்தில் ஃபிலிமுக்கும் ரேஷன்.
நூறு அடிச் சுருள் என்றால்
ஒரு நிமிடம், ஆறு நொடி.
அதற்குள் ஒரு போரை அடக்கச் சொல்கிறார்கள்
என்பாள் ஃப்ரேனி காண்ட்ராக்டர்,
டப்பாவின் ஒட்டுநாடாவைப் பல்லால் கிழித்தபடி.

தார்தேவ் எடிட்டிங் அறையில்
நான் அவளுடைய கத்தரிக்கோல்.
மாதுங்காவிலிருந்து டிராமில் வருவேன்.
அவள் வருவது பர்மா எல்லையிலிருந்து:
கால்சட்டை முழுக்கச் சேறு, தலையில் பேன்,
டப்பாக்களில் யாரும் கேட்காத ஆட்கள்.

கேட்டது கையசைக்கும் சிப்பாய்கள்.
கொடுத்தோம்.
அசைத்து முடித்தும்
கையைக் கீழே போட மறந்து ஒருவன் நிற்பானே,
அந்தப் பதினோரு பிரேமை
அதிகாரி வெட்டச் சொன்னார். வெட்டினேன்.
"எறிந்துவிடாதே, செல்வநாயகி."

சண்டை ஓய்ந்தது.
பிறகு அவளுக்குப் பல்பொடி விளம்பரம்,
அணைக்கட்டுத் திறப்பு,
கோழி வளர்ப்பு பற்றி இரண்டு ரீல்.
கோழியையும் மண்ணில் படுத்துத்தான் எடுத்தாள்,
தலைக்கு மேல் ஏதோ பறப்பதுபோல.

கிடங்கைக் காலி செய்த வருஷம்
பழைய நெகடிவ் எல்லாம் எடைக்குப் போனது.
கழுவி வெள்ளி எடுத்தார்கள்.
மிஞ்சிய தகடு வளையல் பட்டறைக்கு.
நான் எறியவில்லை.
ஆனால் அந்தப் பதினோரு பிரேமும்
அதே கிடங்கில்தான் இருந்தன.

பைகுல்லாவில் ஒரு டஜன் வாங்கினேன்.
அடுப்புப் பக்கம் போகாதே என்றான் விற்றவன்.
ஃப்ரேனி ஒன்றை ஜன்னலுக்கு நேரே பிடித்து
ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.
"யாராவது தெரிகிறார்களா?"
பதில் இல்லை.
மாட்டிப் பார்த்தாள்.
கேமரா தூக்கித் தடித்த கை.
ஏறவில்லை.