கூட்டல் ஒன்று

தடைக்காலம் ஏப்ரல் பதினைந்தில் தொடங்கி
ஜூன் பதினாலு முடிய.
அறுபத்தொரு நாள் என்று
மண்டபம் ஜெட்டியில் ஐஸ் உடைக்கிற பையன்கூடச் சொல்வான்.
என் அறிக்கை அறுபது என்றது.

ராமநாதபுரத்திலிருந்து போன்:
"ஒரு நாள் எங்கம்மா போச்சு?"

மேசைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல்
விரல் விட்டு எண்ணினேன்.
கழித்தால் அறுபது. எண்ணினால் அறுபத்தொன்று.
வலை காயப்போட நட்ட கம்புகளுக்கு
நடுவே உள்ள இடைவெளியை எண்ணுகிறது மென்பொருள்;
நாம் கம்புகளை எண்ணுகிறோம்.

டோக்கனுக்கு வந்திருந்த கஸ்பார்
திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.
"வெள்ளிக்கிழமை அடக்கம், ஞாயித்துக்கிழமை உயிர்ப்பு.
ஒம் மிசினு ரெண்டுங்கும்.
கோயில்ல மூணாம் நாள்னுதான சொல்றோம்?"

அடைப்புக்குறியை மூடி
ஒன்று கூட்டினேன்.
தணிக்கைக்கு எழுதிய குறிப்பில்
கஸ்பாரின் காரணத்தைச் சேர்க்கவில்லை.

அடுத்து வேறு கோளாறு.
விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி
மறுநாள் எட்டு மணிக்குக் கரையேறிய படகு
மூன்று நாள் தொழிலில் இருந்ததாக வந்தது.
எங்கள் தேதிகளெல்லாம்
ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும்
ஏதோ ஊர்க் கடிகாரத்தில் கிடக்கின்றன என்று
கண்டுபிடிக்க மூன்று ராத்திரி ஆனது.
இங்கே எஞ்சின் புகை கக்கி, பாலத்தடி நீரோட்டம் தாண்டி,
கச்சான் முகத்தில் அறையும் நேரம்
அங்கே இன்னும் நேற்று.

தட்டச்சுக்கு வரும் அஸ்மத் நிஷா
நாலாம் மாதம் ஐந்தாம் தேதியை
ஐந்தாம் மாதம் நாலாக ஏற்றியிருந்தது தனிக் கதை.
பன்னிரண்டு தேதி வரை பிழை வாய் திறக்காது.
பதிமூன்றில்தான் கத்தும்.

பிறகு, வரிசை முந்நூற்றுப் பதினெட்டு.
நாட்டுப்படகு. கெனிஸ்டன், முப்பத்துநாலு வயது.
சென்ற தேதி செப்டம்பர் இருபத்தொன்று, சனி.
திரும்பிய தேதிக் கட்டம் காலி.

நாட்கள்: கழித்தல் நாற்பத்தையாயிரத்து
ஐந்நூற்று ஐம்பத்தைந்து.

காலியைப் பூஜ்ஜியம் என்று வாசிக்கும் அது.
பூஜ்ஜியம் என்பது அதற்கு
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது, டிசம்பர் முப்பது.
பாம்பனில் பாலம் வருமுன்பே
கெனிஸ்டன் கரை திரும்பிவிட்டார்.
பிறக்கவும் இல்லை, வலை கட்டவும் இல்லை,
ஆனால் வந்துவிட்டார்.

"காலியா இருக்கறத வடிகட்டிரு,
சராசரி கெட்டுப்போகுது" என்றார் மேலாளர்.
வடிகட்டினேன்.
இரண்டு புள்ளி ஒன்று, அழகான சராசரி.
அன்று சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு,
கரண்ட் போய் யூபிஎஸ் கூவிக்கொண்டிருக்க,
வடிகட்டியை எடுத்துவிட்டு
வேறு கிளை எழுதினேன்:
காலியானால், இன்றைய தேதி.

அதிலிருந்து தினமும் காலை புதுப்பிக்கிறபோது
அந்த ஒரு வரிசை மட்டும் வளர்கிறது.
வெள்ளி நூற்று அறுபத்தேழு.
திங்கள் நூற்று எழுபது.
நான் விடுமுறையில் இருந்தாலும்
அது இருப்பதில்லை.

மார்ச் பதினாலு. செலஸ்டினா வந்திருந்தாள்,
பாலிதீன் பையில் ரேஷன் அட்டை நகலோடு.
காணாமல்போய் எத்தனை நாள் என்று
எழுத்தில் வேண்டுமாம், தாலுகா ஆபீசில்.
திரையை உருட்டினேன். நூற்று எழுபத்துநாலு.
நான் வாய் திறக்குமுன்
"நூத்தி எழுவத்தஞ்சு" என்றாள்.
"அவரு போன அன்னைக்கும் சேத்துத்தான?"

ஆமாம். காலிக்கான கிளையில்
ஒன்று கூட்ட மறந்திருக்கிறேன்.

கூட்டினேன்.
பிரிண்டர் சூடேற நேரமெடுத்தது.
முத்திரையைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள்:
"இன்னைக்குத் தேதியப் பெருசாப் போட்டுக் குடுங்க மேடம்.
நாளைக்கு மாறிரும்ல."