மேற்சொன்ன

காட்பாடி ரோட்டில், ஸ்கேன் சென்டருக்கும்
பரோட்டாக் கடைக்கும் நடுவே
ஏழடிக்கு ஒன்பதடி என் கடை. ஜன்னல் கிடையாது.
பத்திரம், பயோடேட்டா, காணவில்லை நோட்டீஸ்,
வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர்களின் ஆதார் நகல்.
இத்தனைக்கும் இடையில் வருவார் ஜம்புலிங்கம்,
ராணிப்பேட்டை சிப்காட்டில் ஃபிட்டர்.
சட்டைப் பையில் வெர்னியர்,
கக்கத்தில் சார்ட் பேப்பர் சுருள்.

முதல் விண்ணப்பம் லாட்ஜ் அடுப்புக்கு:
மூன்று குடும்பம் ஒரே அடுப்பில் சண்டையின்றிச் சமைக்க
நேரம் முடிந்தால் தானே மூடிக்கொள்ளும் கேஸ் குழாய்.
அடுத்தது, சலைன் தீரும் முன்னே மணியடிக்கும் ஸ்டாண்ட்.
அப்புறம், இலவம்பாடிக் கத்திரிக்காயின் காம்பு முள்ளை
விரலில் ஏறாமல் சீவும் வளையம்.
தோல் காயவைக்கும் சட்டத்துக்குத் தழும்பு விழாத கிளிப்.
எனக்குக் கணக்குத் தவறிவிட்டது, அவருக்கில்லை.
"முப்பத்தாறு" என்பார்.
"மின்விளக்குக்காரருக்கு ஆயிரத்துத் தொண்ணூற்று மூணாம்.
ஜப்பான்ல ஒருத்தர் அவரையும் தாண்டிப் பல ஆயிரம்.
அவங்க ஊர்ல கரண்ட் போறதில்லம்மா."

அடிக்க அடிக்க அந்தப் பாஷை பழகிவிட்டது.
மேற்சொன்ன நெம்புகோல் மேற்சொன்ன ஸ்பிரிங்கால்
மேற்சொன்ன மூடியை அழுத்துமாறு அமைந்து...
ஒரு வாக்கியம் ஒரு பக்கம் ஓடும்,
முற்றுப்புள்ளி ஒன்றே ஒன்று.
படத்தில் கைப்பிடி பத்து, திருகு பன்னிரண்டு, வாஷர் பதினான்கு.
எல்லாம் இரட்டை எண்.
எதையாவது மறந்திருந்தால் நடுவில் நுழைக்க இடம் வேண்டுமாம்.
என் கல்யாணப் பத்திரிகையை நானே அடித்தபோது
இந்த யோசனையை யாரும் சொல்லவில்லை.

கிண்டியிலிருந்து பதில் வரும். அநேகமாக ஒரே வரி:
இத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு
இது எளிதில் புலப்படக்கூடியதே.
முதல் முறை தயங்கித் தயங்கி வாசித்துக் காட்டினேன்.
டீயைக் கீழே வைத்தார்.
"தேர்ந்த ஒருவர்னா யாரு?"
வேலை தெரிஞ்சவங்க யாராவது, சார்.
"அந்த வேலை தெரிஞ்சவன் எங்க பிளாண்ட்ல நான் ஒருத்தன்தான்.
எனக்குப் புலப்பட்டுச்சுனுதானே எழுதிப் போட்டேன்?
சரியாத்தான் சொல்லியிருக்காங்க."
லேமினேட் பண்ணித் தரச் சொன்னார்.
முப்பது ரூபாய்.
வாங்கவில்லை என்று எழுத ஆசை. வாங்கினேன்.

ஒன்றே ஒன்று கிடைத்தது, அந்தக் கிளிப்புக்கு.
புதுப்பிக்கக் கட்டவேண்டிய பணத்தை
மகளின் பாலிடெக்னிக் விழுங்கியது.
இப்போது மேல்விஷாரத்தில் ரெண்டு இடத்தில்
அதே கிளிப் ஓடுகிறதாம்.
யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை.
"ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு,
அதுல இதையும் சேத்துக்கங்க" என்று சிரித்தார்.
சிரித்து முடித்த பிறகும்
வெர்னியரைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

போன மே மாதம், கத்திரி வெயிலில்
சுருளைப் பிரிக்காமல் என் மேஜைக்கு மேலேயே பார்த்தார்.
சுவர் ஃபேன் காற்றில் எழும்பி நிற்கும் ஒரு அட்டை.
ஃபேன் நின்றால் அட்டை விழும்.
விழும் இடத்தில் எமர்ஜென்சி விளக்கின் பொத்தான்.
இழுத்துப் பிடிக்க சைக்கிள் ட்யூப் துண்டு, என் கொண்டை கிளிப்.
"யார் பண்ணது?"
சும்மா, நான்தான்.
"சும்மான்னு ஒரு பாகம் படத்துல கிடையாது."

அவரே வரைந்தார்.
அட்டை பத்து, ட்யூப் பன்னிரண்டு, கொண்டை கிளிப் பதினான்கு.
நான் அடித்தேன்:
மேற்சொன்ன காற்று நின்றதும் மேற்சொன்ன அட்டை...
கட்டணம் நான் கட்டப்போவதில்லை.
அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.
கடைசிப் பக்கம்,
உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர் என்ற கோட்டில்
முப்பத்தாறு முறை அவர் பெயரை அடித்த விரல்கள்
வேறு எழுத்தைத் தேடிச் சற்றே நின்றன.
பூங்காவ என்று அடித்திருப்பேன்,
பரோட்டாக் கடையில் 'ஓ'வென்று கூச்சல்.
அட்டை விழுந்தது.
விளக்கு எரிந்தது.
அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஒண்ணரை செகண்டு. குறைக்கலாம்."