தாண்டியிருக்க

தங்கச்சிமடம் பஸ் ஸ்டாப்பில்
ஐஸ் கம்பெனிக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே
பத்துக்கு எட்டில் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், தட்டச்சு.
தமிழிலிருந்து ஆங்கிலம், பக்கம் நாற்பது ரூபாய்.
எல்லை தாண்டிய வழக்குகளுக்குப் பாதி விலை,
சில வாரங்களில் அதுவும் இல்லை.

ரெமிஜா வந்தது ஒரு செவ்வாய் மதியம்.
கரண்ட் போய், பேட்டரியில்
ஒரே ஒரு ஃபேன் முனகிக்கொண்டிருந்தது.
உட்காராமலே, "எழுதுங்க" என்றாள்.
"எங்க வீட்டுக்காரவுக எல்லை தாண்டியிருக்க மாட்டாக."

அவ்வளவுதான் மனு.
மற்றதெல்லாம் ஏற்கெனவே அச்சில் இருந்தது:
படகு எண், டோக்கன் எண், கடலுக்குப் போன தேதி,
ஐந்து பேர், அதில் ஒருவருக்குச் சர்க்கரை.

கேனாட் ஹாவ் கிராஸ்டு என்று அடித்தேன்.
தாண்டியிருக்க முடியாது:
டீசல் பற்றாது, எஞ்சின் பழசு என்பதுபோல் தொனித்தது.
அழித்தேன்.
வில் நாட் ஹாவ் கிராஸ்டு.
அது வரப்போகும் சனிக்கிழமையைப் பார்த்து நின்றது.
அழித்தேன்.
அந்த 'மாட்டாக'வுக்குள் இருந்த மனுஷன்,
வாடை கிளம்பினால்
வலையை அறுத்துவிட்டாவது கரை பிடிக்கிற
சகாய மெல்கி,
இருபத்திரண்டு வருஷக் கடல் கணக்கோடு
ஆங்கிலத்தில் ஏற இடமில்லாமல்
ஜெட்டியிலேயே நின்றார்.

அந்தப் பக்கத்துத் தாளும் மேசையில் கிடந்தது.
ஆர் அலெஜ்டு டு ஹாவ் கிராஸ்டு.
என்ன சுத்தமான வாக்கியம்!
குற்றம் சொன்னது யார்? எழுதவில்லை.
பார்த்தது யார்? கேட்கவும் முடியாது.
டு ஹாவ்:
நடந்ததாய்ச் சொல்வதை உள்ளே வைத்து
ஐஸ் கொட்டி மூடிய பெட்டி.
எந்த ஊரில் திறந்தாலும்
மீன் செத்துத்தான் இருக்கும்.

அவர்களுக்கு, முடிந்த காரியம் என்பது உடைமை.
படகை வைத்திருக்கிறார்கள்,
வலையை, ஜிபிஎஸ்ஸை வைத்திருக்கிறார்கள்,
தாண்டியதையும் வைத்திருக்கிறார்கள்.
நமக்கு அது இருப்பு.
போயிருக்கும், வந்திருக்கும், ஒதுங்கியிருக்கும்,
எதைச் சொன்னாலும் அடித்தட்டில்
ஓர் இரு.

ஒன்பதாம் வகுப்பில் படித்தது:
தாண்டி, எச்சம்.
இருக்க, அதுவும் எச்சம்.
முற்று வந்து சேரும்வரை
இரண்டும் ஒன்றையொன்று பிடித்தபடி மிதக்கும்.
ரெமிஜாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.
அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அது நின்று இரண்டு மாதம்.

கடைசியில் இப்படி அடித்தேன்:
மை ஹஸ்பண்ட் இஸ் நாட் எ மேன் டு ஹாவ் கிராஸ்டு.
இலக்கணம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும்.
முத்திரை குத்தி, மூன்று நகல் எடுத்து,
ஒன்றை ராமநாதபுரம் பஸ்ஸில் கொடுத்தனுப்பினோம்.

பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது.
உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்தாள்.
கொட்டை எழுத்தில் அலுவலகப் பெயர்,
கீழே குறிப்பு எண்கள், மேற்கோள் எண்கள்,
எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு வரி:
ஐந்து பேரும்
அண்டர்ஸ்டுட் டு பீ சேஃப்.

மூன்று தரம் படித்தேன்.
ஹாவ் இல்லை.
பீன் இல்லை.
டு ஹாவ் பீன் என்றிருந்தால்
அன்றைக்கு நலம், இன்றைக்குத் தெரியாது என்றாகும்.
இது டு பீ. மொட்டையாக, டு பீ.
இருபது வருஷமாக ஆங்கிலம் அடிக்கிறேன்,
ஒரு சொல் இல்லாததற்காக
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது அன்றைக்குத்தான்.

"என்னங்க போட்டிருக்கு?"

"இருக்காக."

"வந்துருவாகளா?"

அது கடிதத்தில் இல்லை.
தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் இல்லை.
"அந்த 'இருக்காக' எங்கனக்குள்ள?" என்றாள்.
காட்டினேன்.
விரலை அங்கேயே வைத்துக்கொண்டு
ஒரு காப்பி எடுக்கச் சொன்னாள்.

மெஷின் சூடாகி வெளிச்சம் ஓடி முடிந்தது.
இரண்டு ரூபாயை மேசையில் வைத்தாள்.
வேண்டாம் என்றேன்.
பஸ் சத்தத்தில்
கேட்டிருக்க மாட்டாள்.